இரணைமடுச் செம்மண்

சோளகம் வீசும் மாதங்களில் வன்னியில் வகுப்பு நடத்துவோர்க்கு ஒரு தொல்லை உண்டு. கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் மேசைமேல் செம்புழுதி படிந்துவிடும். துடைப்போம், மறுபடியும் படியும். அப்படியொரு நாளில் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்:

"சேர், இந்த மண் எங்கயிருந்து வருகுது?"

"வெளியிலிருந்துதான்" என்றோம். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"வெளிக்கு எங்கயிருந்து வந்தது?"

விடை தேடிப் போன இடத்தில் நமது ஊரின் பெயரையே கண்டு திகைத்தோம். இலங்கையின் வரண்ட வலயக் கரையோரத் தாழ்நிலங்களில், அடியில் பரற்கற்களும் மேலே செம்மணலுமாக அமைந்த ஒரு மண்படிவு உண்டு. அறிஞர்கள் அதற்கு இட்ட பெயர் 'இரணைமடுப் படிவு'. தெற்கே அம்பாந்தோட்டையை அடுத்த புந்தலவின் செம்மணலும் இப்பெயராலேயே வழங்குகிறது. இச்செம்மணல் காற்றுக் கொணர்ந்து குவித்தது. குன்றாக நின்ற மணலின் ஒவ்வொரு மணியிலும் நெடுங்காலத்து மழையும் வெயிலும் இரும்புத் துருவைப் பூசிச் சிவப்பாக்கின.

மணலுக்கு வயது காண்பது எவ்வாறு? புதைந்த மணலைச் சூழ்ந்த மண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியன அற்ப அளவில் உள்ளன. அவை வெளிவிடும் கதிர்களின் ஆற்றல், ஆண்டுதோறும் சிறுகச் சிறுக மணியினுள் சேர்கிறது. வெயில் பட்டால் அச்சேமிப்பு அழிந்துவிடும். காற்றிலே பறந்து வரும் மணல் தன் பழங்கணக்கைத் தீர்த்துவிட்டே வருகிறது. புதைந்த நாளிலிருந்து புதுக்கணக்கு. ஆய்வுகூடத்தில் சூடேற்றினால் சேமித்ததை ஒளியாகக் கக்குகிறது. அவ்வொளியை அளந்தால் இருளில் கிடந்த காலம் தெரிந்துவிடும்.

அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அசோக் சிங்வி, 1982 இல் தம் சகாக்களுடன் இம்முறையைத் தார்ப் பாலைவன மணலில் கையாண்டு காட்டினார். மணற்குன்று எழ வறட்சி மட்டும் போதாது, மணலைச் சுமக்கும் காற்றும் வேண்டும் என்பது தார் ஆய்வுகள் தந்த பாடம். பனியுகத்தின் கடும் வறட்சியில் தென்மேற்குப் பருவக்காற்றும் தளர்ந்து கிடந்தது. அது மீண்டும் வலுப்பெற்றபோதே அங்கே குன்றுகள் பெருகின. சிங்வி, நம் நாட்டுத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல, சென்குப்தா ஆகிய மூவரும் இலங்கையின் கரையோரச் செம்மணலை ஆராய்ந்து 1986 இல் முடிவுகளை வெளியிட்டனர். புந்தலவில் நுண்கற்கருவிகள் கிடைத்த மணற்படையின் வயது ஏறத்தாழ 28,000 ஆண்டுகள். அக்கருவிகளைச் செய்தவர்கள் நடந்த நாளில் கடல் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை நிலமாக இருந்தது. இலங்கை தீவாகவே இருக்கவில்லை. குஜராத்தில் ஓர் ஆய்வுகூடம், தெற்கே சிங்களக் கிராமத்து மணல், வன்னியின் தமிழ்ப் பெயர்: காற்றுக்கு இனபேதம் ஏது?

இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. 2008 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இதே மண்ணை நாமும் தோண்டினோம். பனங்குற்றி பரப்பி, சேலையைக் கிழித்துத் தைத்த பைகளில் மண்ணை நிரப்பி, பதுங்குகுழி அமைத்தோம். வெட்டியெடுத்த மண் பகல் வெயிலில் கிடந்தது. பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு நம் மண்வெட்டி முனையில் அழிந்தது. அதற்காக நாம் வருந்தவில்லை. அந்த மண் நம் பிள்ளைகளைக் காத்தது.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. தோண்டுவதோ முடியவில்லை. இப்போது டிப்பர்கள் வருகின்றன. வீதிக்குக் கிரவலும் வீட்டுக்கு மணலும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. இடிந்த வீடுகளைக் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நாமேயல்லவா? ஆனால் அள்ளுபவனுக்கு அன்றாடக் கூலி, ஊருக்குக் குழி, இலாபம் மட்டும் எங்கோ இருப்பவனுக்கு என்பது என்ன நியாயம்?

பழங்காலத்துக் காற்றைப் பற்றிய ஆராய்ச்சி வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் கருதலாம். இரணைமடுக் குளத்தை நம்பிப் பெரும்போகம் விதைப்பவனைக் கேளுங்கள். 2018 மார்கழியில் வெள்ளம் வந்து வயலை மூடியதைக் கண்டவன் அவன். பருவக்காற்று எப்போது தளரும், எப்போது சீறும் என்பது அவனுக்குச் சோற்றுக் கேள்வி. அதற்கான பழஞ்சான்றுகளுள் ஒன்று அவன் காலடி மண்ணிலே கிடக்கிறது. நிலத்தை வெட்டுமுன் அதைப் பதிவு செய்க என்று கேட்பதும், அதன் வரலாற்றைப் பள்ளியில் கற்பிப்பதும் ஆடம்பரமல்ல, நம் உரிமை.

மறுவாரம் மாணவர்களை வீதியோரத்துச் செம்மண் வெட்டுமுகத்திற்கு அழைத்துச் சென்று இவற்றையெல்லாம் சொன்னோம். கேள்வி கேட்டவள் கை நிறைய மண்ணை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு திடுக்கிட்டாள்.

"சேர், இதின்ரை கணக்கு இப்ப அழிஞ்சு போச்சுதோ?"

"ஓம், பிள்ளை. உன் கையிலிருப்பதன் கணக்கு அழிந்துவிட்டது. உள்ளே இருப்பது இன்னும் இருக்கிறது."

அவள் வெட்டுமுகத்தையும், அதன் கீழே டிப்பர் சக்கரங்கள் பதித்த தடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்வளவு நாளைக்கு, சேர்?"

இக்கேள்விக்கு விடை நூலில் இல்லை. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.