யாழ்ப்பாணமா, புத்தளமா?



வட மாகாணத்திலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில், இன்றும் ஒரு கலியாணப் பேச்சு வந்தாலும் ஒரு மையித்து விழுந்தாலும் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "இனி எங்கே இருப்பது? யாழ்ப்பாணத்திலா, புத்தளத்திலா?" என்பதே அது. இரண்டும் நடுத்தரமான பட்டணங்கள். இரண்டிலும் உப்புக் காற்று வீசும், களப்பும் மீனும் உண்டு, பள்ளிவாசலின் பாங்கோசையும் கேட்கும். ஆயினும் வாழுமிடமென்று பார்க்கும்போது இரண்டும் வெவ்வேறானவை.

மௌலவி ஆசிரியராகப் பணிபுரியும் நான் யாழ் மாவட்டத்துக்கு மாற்றம் பெற்று வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பட்டணத்து வாடகை கட்டுப்படியாகாமல், பலாலி வீதியில் உள்ள உரும்பிராயில், ஒரு தோட்டக்காரப் பெரியவரின் வீட்டுப் பக்கத்து அறையில் தங்கியிருக்கிறேன். மனைவி மக்கள் புத்தளத்தில். இரண்டு ஊரிலும் அடுப்பெரிகிறபடியால், இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது.

மண்ணும் தண்ணீரும்

முதலில் உரும்பிராயைச் சொல்கிறேன். இங்கே எங்கு பார்த்தாலும் செம்மண். வாழை, மரவள்ளி, கத்தரி, வெங்காயம், புகையிலை என்று ஒரு சாண் நிலமும் சும்மா கிடக்காது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அந்த நீரைத்தான் கிணறு கிணறாக இறைத்து இவ்வளவு பசுமையையும் உண்டாக்கியிருக்கிறார்கள். பலர் பங்கு கொண்ட கிணற்றில் முறை வைத்து இறைக்கும் ஒழுங்கைப் பார்க்கும்போது, கூட்டு வாழ்க்கைக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா என்று தோன்றும்.

புத்தளத்திலோ உப்பளமும் தென்னந்தோட்டமும் களப்பும்தான் கண்ணில் படும். நம்மவர்களின் முகாம்கள் அமைந்த இடங்கள் பலவற்றில் கிணற்று நீர் குடிக்க உதவவில்லை. பவுசர் வரும் நேரத்தில் குடத்தோடு நின்ற தாய்மாரின் நினைவு நம் தலைமுறைக்கு மறக்காது. கற்பிட்டிப் பக்கத்து மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் நன்றாக விளைந்தன. யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர்களும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவர்களும் அந்தத் தோட்டங்களில் நாட்கூலிக்கு வெங்காயம் பிடுங்கினார்கள். ஹலாலான உழைப்பு அது. அதில் வெட்கம் எதுவுமில்லை.

ஆனால் நல்ல தண்ணீர் யாழ்ப்பாணத்துக்கே சொந்தம் என்று இன்று சொல்லிவிட முடியாது. தோட்டத்துக்கு இடும் இரசாயன உரம் நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகக் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துக் காட்டியுள்ளனர். உரும்பிராய்க்குப் பக்கமான சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் தீர்ப்பும் வந்தது. புத்தளத்தாருக்கு வேறு கவலைகள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 2011 முதல் நிலக்கரி எரிகிறது. கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்தை எதிர்த்து 2018, 2019 ஆண்டுகளில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். ஆகவே மண்ணிலும் தண்ணீரிலும் எந்த ஊரும் குறையற்றதன்று.

தொழிலும் போக்குவரத்தும்

புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400. காலையில் கொழும்புக்குப் போய்ச் சரக்கெடுத்து இரவில் வீடு திரும்புவது புத்தளத்து வியாபாரிக்கு முடியும். யாழ்ப்பாணத்தானுக்கு அது முடியாது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது தூரத்தின் கசப்பு சற்றுக் குறைந்தது.

யாழ்ப்பாணத்தில் நம்மவர்கள் இரும்பு வியாபாரம், தையல், இறைச்சிக்கடை, நகைக்கடை என்று ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தனர். இன்று திரும்பி வந்தவர்களில் பலர் பழைய இரும்பு வாங்குவதிலும் துணி விற்பதிலும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். விட்டுச் சென்ற இடத்தை இருபது ஆண்டுகளில் வேறு வியாபாரிகள் நிரப்பிவிட்டார்கள். இது பகையால் வந்ததன்று, காலத்தின் கணக்கு.

கல்வியும் மருத்துவமும்

இதில் யாழ்ப்பாணத்தின் தட்டு தாழ்கிறது. பல்கலைக்கழகமும் போதனா வைத்தியசாலையும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. புத்தளத்தில் பெரிய சிகிச்சை என்றால் குருநாகலுக்கோ கொழும்புக்கோ ஓட வேண்டும். யாழ்ப்பாண முஸ்லிம்களின் கல்வி மரபும் சிறியதன்று. 1911இல் இவ்வூரில் பிறந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, இலங்கையின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியாகி, பின்னர் கொழும்பு ஸாஹிராவின் அதிபராக விளங்கினார். ஒஸ்மானியாவும் கதீஜாவும் இன்று மீண்டும் இயங்குகின்றன.

ஆனால் மார்க்கச் சூழல் என்று வரும்போது புத்தளம் முந்துகிறது. மத்ரஸா, குர்ஆன் வகுப்பு, பெண் பிள்ளைகளுக்கான ஏற்பாடுகள் எல்லாம் தெருவுக்குத் தெரு உண்டு. யாழ்ப்பாணத்தில் நிலையாக வசிப்பவை சில நூறு குடும்பங்களே. உரும்பிராயிலிருந்து ஜும்ஆவுக்கு நான் பட்டணத்துக்கே போகிறேன். அதே வெள்ளிக்கிழமை வீட்டுக்காரப் பெரியவர் மரக்கறிச் சோறு மட்டும் உண்பார். நான் திரும்பும்வரை என் பங்கு மூடி வைக்கப்பட்டிருக்கும்.

காணிக் கணக்கு

வாசகர்கள் சிலர், "சொந்தக் காணி இருக்கும்போது ஏன் தயக்கம்?" என்று கேட்கக்கூடும். காணியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பரப்பால் அளப்பார்கள். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். சோனகத் தெருவில் ஒருவருக்கு இரண்டு பரப்புக் காணி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அவரும் மனைவியும் மௌத்தாகி, மூன்று ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும் வாரிசுகள் என்றால், பராயிழ் முறைப்படி எட்டுப் பங்கு. மகனுக்கு ஐந்து பேர்ச், மகளுக்கு இரண்டரைப் பேர்ச். 1990இல் பத்து வயதுச் சிறுவனாக வெளியேறியவன் இன்று பிள்ளைகளின் தகப்பன். ஐந்து பேர்ச்சில் அவன் எதைக் கட்டுவான்? வெளியேறியது ஒரு குடும்பம். திரும்பி வர வேண்டியவை ஐந்து குடும்பங்கள்.

பதிவுச் சிக்கல் வேறு. வாக்காளர் பதிவு புத்தளத்தில் இருந்தால், யாழ்ப்பாணத்து அலுவலகத்தில் "நீங்கள் இங்கு வசிப்பவரில்லை" என்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு மாற்றினால், புத்தளத்தில் பிள்ளையின் பாடசாலை அனுமதிக்குக் கடிதம் கிடைக்காது. புத்தளத்து மக்களின் மனக்குறையிலும் நியாயமுண்டு. 1990இல் தங்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து, உலையில் அரிசியைக் கூட்டிப் போட்டவர்கள் அவர்கள். வேலைவாய்ப்பும் பல்கலைக்கழக இடங்களும் பங்கிடப்படும்போது அவர்களின் பிள்ளைகளும் நெருக்கடியை உணர்ந்தார்கள்.

ஆறு மாதமும் இருபது வருடமும்

இங்கே வந்த பின்னர்தான் ஒரு திகதி என் மனத்தில் ஊன்றியது. யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபர் 30. வலிகாமத்துத் தமிழ் மக்கள், உரும்பிராயார் உட்பட, இராணுவம் முன்னேறிய வேளையில் ஓரிரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது 1995 ஒக்டோபர் 30. ஒரே திகதி, ஐந்து ஆண்டு இடைவெளி. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆயினும் மழையில் மூட்டையோடு நடந்தவனுக்கு மற்றவனின் மூட்டை தெரியும்.

பெரியவர் ஒருநாள் சொன்னார்: "நாங்கள் ஆறு மாதத்தால திரும்பி வந்தம், மௌலவி. கதவு நிலை போட்டுது, மண் அப்பிடியே கிடந்தது. நட்டம், முளைச்சுது. உங்கட ஆக்களுக்கு இருபது வருசம் விட்டுப் போச்சே!"

இந்தச் சொல்லில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. 1996இல் திரும்பியவர்களுக்கு ஊர் ஊராகவே இருந்தது. நம்மவர்கள் 2002 சமாதான காலத்தில் எட்டிப் பார்த்து, 2009க்குப் பின்னரே நிலையாக வரத் தொடங்கினார்கள். அதற்குள் வீடுகள் கூரையிழந்து, மரம் முளைத்து நின்றன. அங்கே புத்தளத்தில் புதிய தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. என் மகளிடம் "உங்கட ஊர் எது?" என்று கேட்டால் தயங்காமல் "புத்தளம்" என்பாள். என் வாப்பாவிடம் இறுதிவரை அதே கேள்விக்கு "சோனகத் தெரு" என்பதே பதிலாக இருந்தது. அவருடைய மையவாடி புத்தளத்தில். அவருடைய வாப்பாவின் மையவாடி யாழ்ப்பாணத்தில்.

ஆகவே என்ன செய்வது?

நபி (ஸல்) அவர்கள் மக்காவைப் பிரிந்தபோது வருந்தினார்கள் என்பதை நாம் அறிவோம். மதீனாவையும் மக்காவைப் போல் பிரியமானதாக ஆக்கும்படி இறைஞ்சியதையும் அறிவோம். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்ட பின்பும், அடைக்கலம் தந்த அன்ஸார்களோடு மதீனாவுக்கே திரும்பினார்கள். பிறந்த மண் மீதான உரிமையும் வாழ்வித்த மண் மீதான நன்றியும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். கையில் தொழிலும் காணியும் உள்ளவர்கள், உயர்கல்வியை நாடும் பிள்ளைகள் உள்ளவர்கள் யாழ்ப்பாணம் வரலாம். சிறு பிள்ளைகளும் வயதான பெற்றோரும் உள்ளவர்கள், நாட்கூலியை நம்பியிருப்பவர்கள் புத்தளத்திலேயே இருப்பதில் குற்றமில்லை. அவர்களை ஊரை மறந்தவர்கள் என்று ஏசுவது அநியாயம். ஆனால் யாராயினும் யாழ்ப்பாணத்துக் காணியை அவசரப்பட்டு விற்காதீர்கள். உறுதிப் பத்திரங்களைத் தேடியெடுத்து, வாரிசுகளின் பெயர்களை எழுதி வையுங்கள். விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்து வந்து, பாட்டனார் தொழுத பள்ளியையும் அவருடைய பக்கத்து வீட்டாரையும் காட்டுங்கள்.

எங்கள் வீட்டில் எடுத்த முடிவையும் சொல்லி விடுகிறேன். மூத்தவன் சாதாரண தரப் பரீட்சை முடித்ததும் உயர்தரத்துக்கு என்னோடு வருவான். மகள் தன் தாயோடு புத்தளத்தில் தொடர்வாள். ஒரு குடும்பம் இரண்டு ஊரில் இருப்பது இலகுவானதன்று. பஸ் கட்டணமே மாதச் சம்பளத்தைக் கடிக்கும். என்றாலும் ஒரு கதவை மூடித்தான் மற்றக் கதவைத் திறக்க வேண்டும் என்பதை ஏற்க என் மனம் இடந்தரவில்லை.

வல்ல அல்லாஹ் இரண்டு ஊர்களையும் நமக்குப் பறக்கத்துள்ள ஊர்களாக ஆக்கி வைப்பானாக! இனி எவரும், எந்த இனத்தவரும், மூட்டை கட்டி வீட்டை விட்டு நடக்கும் நாளை நம் நாட்டுக்குத் தராதிருப்பானாக! ஆமீன்.