மறையூர் பேருந்தில் ஒரு குழந்தை

மூணாறிலிருந்து மறையூர் சென்ற பேருந்தில், காற்றில் கூந்தல் விலகும்போதெல்லாம் தன் சிறுமகளின் மொட்டுப்போல் குறுகிய வலக்காதை முந்தானையால் மூடிக்கொண்டே வந்த தோட்டத் தொழிலாளித் தாயொருத்தியைக் கண்டதுமுதல் என் மனம் ஒரு நிலையில் இல்லை.

இத்தகைய குழந்தைகளுக்கு இன்று பெரும்பாலும் விலாவிலிருந்து குருத்தெலும்பை வெட்டியெடுத்து, செதுக்கித்தான் செவி அமைக்கிறார்கள்.

மார்பில் தழும்பு ஆயுள் முழுவதும் நிற்கும்.

இரத்த நாளமற்ற குருத்தெலும்பு தானாகக் குணமாவது அரிது என்றிருந்த நிலையில், காதின் குருத்தெலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலேயே அதைப் புதிதாய் உண்டாக்கவல்ல ஸ்டெம் செல்கள் வாசம் செய்கின்றன என்று ஜப்பானின் யோகோஹாமா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் எடுத்துக்காட்டினார்கள்.

மார்பைக் கீறாமல், காதோரத்துச் சிறு துணுக்கிலிருந்தே செவி பிறக்கக்கூடும் என்பது எத்துணை மகத்தான நம்பிக்கை!

ஆயினும் அது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேதான் இருக்கிறது. "காது வளர்த்துத் தருகிறோம்" என்று இப்போதே பணம் கேட்பவரிடம் தோட்டக் கூலியைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இவ்வகைக் காதுகளில் செவித்துவாரமும் பலசமயம் அடைபட்டிருக்கும் என்பதால், அழகைக் காட்டிலும் கேட்கும் திறனே முதற்கவலை.

உங்கள் லயத்தில் அப்படியொரு குழந்தை இருந்தால், பேச்சு வரும் பிராயத்துக்கு முன்பே செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வீர்களா?