வெள்ளைக் குட்டியின் காது

ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பு பழகச் சேர்ந்தபோது அண்ணாச்சி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது. 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பிடித்த இனம் ராஜபாளையம் நாய். வாங்க வருகிறவர்கள் பால் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் கேட்பார்கள். அந்த வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு செவிடும் வருகிறது.

பிறந்ததும் எந்தக் குட்டிக்கும் காது கேட்காது. இரண்டு வாரம் போலத்தான் துளை திறக்கும். ஐந்து வாரம் ஆனபிறகே சோதனை. கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். பக்கத்துக் குட்டி தலை தூக்குவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் தூக்கும். தனியாக மண் தரையில் விட வேண்டும். நம் நிழல் விழாத இடத்தில், பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒரே ஒருமுறை குலுக்க வேண்டும். கைதட்டினால் காற்றசைவிலேயே தெரிந்துகொள்ளும். கேட்கிற குட்டிக்கு முதலில் காது மடல் அசையும், பிறகுதான் தலை திரும்பும்.

"தூங்கையில பாருப்பா, அது பொய் சொல்லாது" என்பார் அண்ணாச்சி. தட்டுச் சத்தம் கேட்டு மற்றதெல்லாம் எழுந்து ஓட, ஒன்று மட்டும் அசையாமல் கிடக்கும். விளையாட்டில் மற்றது கத்தினாலும் கடித்த பிடியை விடாது. ஒரு காது மட்டும் போனது இதிலெல்லாம் தப்பிவிடும். அதற்குத் தலையில் மின்முனை வைத்துக் கணினியில் பார்க்கும் சோதனைதான் வழி.

ராஜபாளையம் நாய் அல்பினோவா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேறு. அல்பினிசத்துக்கு நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் டோபர்மேன். 1976-இல் அமெரிக்காவில் கறுப்புப் பெற்றோருக்கு ஒரு வெள்ளைப் பெட்டை பிறந்தது. அந்த நிறத்தைப் பெருக்க நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்தார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல், எஸ்.எல்.சி.45ஏ2 என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாததே காரணம் என்று கண்டார்கள். அவர்கள் பார்த்த வெள்ளை நாய்களில் பாதிக்கு மேல் தோலில் கட்டிகள். வெளிச்சத்தில் கண் கூசும். ஆனால் அல்பினோவில் நிறச் செல்கள் இருக்கின்றன, நிறம்தான் சரியாகச் சுரப்பதில்லை. அதனால் பொதுவாகக் காது தப்பிவிடுகிறது. வெள்ளையால் வரும் செவிட்டில் அந்தச் செல்களே உள்காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. உள்காதின் திரவத்தைச் சரியான நிலையில் வைக்க அவை வேண்டும். இல்லையென்றால் ஒலியை உணரும் செல்கள் சில வாரங்களிலேயே செத்துவிடும், மருந்து கிடையாது.

முன்பெல்லாம் புள்ளி விழுந்த குட்டிகளைப் பிறந்ததுமே கழித்துவிடுவார்களாம். இதைக் கேட்டபோது எனக்கு ஆறவே இல்லை. நிறச் செல்கள் உள்ள, இனத்துக்குத் தேவையான ரத்தத்தை நாமே மண்ணில் புதைத்திருக்கிறோம். இப்போது அண்ணாச்சி காதில் தவிட்டு நிறம் உள்ள பெட்டையையும் வைத்திருக்கிறார், இணையும் சேர்க்கிறார். ஒரு காது கேட்காத கடுவன் எவ்வளவு அழகாக இருந்தாலும் சேர்ப்பதில்லை. அதன் வாரிசுகளுக்கும் அந்த ஆபத்து கூடுதல்.

செவிட்டுக் குட்டியைத் தோட்டக் காவலுக்குக் கொடுக்க மாட்டோம். சுற்றுச்சுவர் உள்ள வீட்டுக்கு, குறை இன்னதென்று சொல்லித்தான் கொடுக்கிறோம். கை காட்டினால் உட்கார, வர, நிற்க நானே பழக்கி அனுப்புகிறேன். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், மூக்கருகே கையை நீட்டி வாசனை பிடிக்க விடுங்கள் என்று வாங்குகிற வீட்டில் குழந்தைகளிடமும் சொல்லிவிட்டு வருகிறேன்.