அப்பாயியோட அப்பாவைக் கூகுள்ல தேடின கதை

கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உக்காந்து படிங்க.

எங்க தொழில்ல ஃபேமிலி ஹிஸ்டரின்னா கேஸ் ஷீட்ல வர்ற ஒரே ஒரு வரி. அப்பாவுக்கு சுகர் உண்டா, அம்மாவுக்கு பிரஷர் உண்டா, வீட்டுல யாராவது சின்ன வயசுலயே நெஞ்சுவலியில போயிருக்காங்களா. காலை ஓபி கூட்டத்துல பாதிப் பேருக்கு அந்த வரி "குறிப்பிடும்படி ஏதுமில்லை"ன்னுதான் முடியும். தாத்தா எதுல இறந்தார்னு கேட்டா "வயசாகித்தான் சார்"ம்பாங்க. என்ன வயசுன்னு கேட்டா "நாப்பத்தஞ்சு இருக்கும்"னு பதில் வரும்!

இந்த இழை இன்னொரு வகைக் குடும்ப வரலாறு பத்தினது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தப்போ நீங்க எல்லாரும் இதைச் செஞ்சிருக்கீங்க. 2002, 2005 பட்டியலை எடுத்து வச்சுக்கிட்டு அப்பா பேரு எங்க, தாத்தா பேரு எந்தப் பாகத்துல, வரிசை எண் என்னன்னு ராத்திரி பதினோரு மணிக்குத் தேடினோமே, அதேதான். இருபது வருஷத்துக்கு முந்தின பேருக்கே நாக்கு தள்ளிருச்சு. எழுத்துப்பிழை, வீட்டு எண் மாற்றம், கணவர் பேரு இருக்க வேண்டிய இடத்துல அப்பா பேரு. நான் தேடினது கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஒரு ஆளை.

எங்க அப்பாயிக்கு இப்ப 88 வயசு இருக்கும். ஊரு துறையூர் பக்கம். அவங்க கைக்குழந்தையா இருக்கும்போது அவங்க அப்பா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போயிட்டார். கங்காணி ஊருக்கே வந்து ஆள் பிடிச்சுட்டுப் போன காலம். இந்திய அரசாங்கம் 1938ல அப்படிக் கூலியாட்களை அனுப்பறதையே நிறுத்திருச்சு, அதனால அதுக்குக் கொஞ்சம் முன்னாடி போயிருக்கணும். கொஞ்ச வருஷம் மணியார்டர் வந்திருக்கு. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில விழுந்துச்சு. அதுக்கப்புறம் பணமும் இல்ல, கடுதாசியும் இல்ல.

அப்பாயியோட அம்மா சாகற வரைக்கும் தாலியைக் கழட்டல. ஊர்ல யார் யாரோ சொல்லிப் பாத்திருக்காங்க. "நீ பாத்தியா அவர் செத்ததை?"ன்னு ஒரே கேள்விதானாம். கடைசியில பூவும் பொட்டுமாத்தான் எடுத்துட்டுப் போனாங்க. இன்னைக்கு வரைக்கும் அந்த மனுஷனுக்கு எங்க வீட்டுல திதி கிடையாது, படையல் கிடையாது. அப்பாயி ஒருநாள் என் போனைக் காட்டி, "இதுல உலகத்துல உள்ளதெல்லாம் வருதுங்கறியே சாமி, எங்கப்பா பேரைப் போட்டுப் பாரேன்"னாங்க.

போட்டுப் பாத்தேன். முதல்ல வந்தது ஒரு ஜவுளிக்கடை. ரெண்டாவது ஒரு கல்யாண மண்டபம்.

சிரிக்காதீங்க, நம்ம பேர்கள் கூகுளுக்குச் சரிப்பட்டு வராது. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பேரு தலைமுறை தலைமுறையா ஒண்ணுதான், அதைப் பிடிச்சுக்கிட்டே முன்னூறு வருஷம் பின்னாடி போயிரலாம். நமக்கு அப்பா பேரு இனிஷியலாச் சுருங்கி, அடுத்த தலைமுறையில அதுவும் மாறிரும். போதாக்குறைக்கு நம்ம பேரை எழுதினவன் அவன் காதுல விழுந்தபடி எழுதினான். தென்னாப்பிரிக்காவுல பிள்ளை பில்லே ஆச்சு, முதலி மூட்லி ஆச்சு, கவுண்டர் கோவெண்டர் ஆச்சு. ஒரே முத்துசாமிக்கு ஆங்கிலத்துல ஏழெட்டு ஸ்பெல்லிங், பிரெஞ்சுத் தீவுகள்ல அது இன்னும் வேற மாதிரி. எல்லாத்தையும் தனித்தனியாப் போட்டுத் தேடணும்.

ஊர் பேருக்கும் இதே கதி. திருச்சின்னு போட்டா ஒண்ணும் வராது, டிரிச்சினாபொலின்னு போடணும். நாகப்பட்டினம் நெகபடாம், தஞ்சாவூர் டாஞ்சூர், இன்னைய கிள்ளான் துறைமுகம் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். இதைவிடக் கசப்பான ஒண்ணு இருக்கு. "தமிழ்த் தொழிலாளர்"னு ஆங்கிலத்துல தேடினா கொஞ்சம்தான் வரும், "தமிழ் கூலி"ன்னு தேடினா பக்கம் பக்கமா வரும். நம்ம சொல்லையே எடுத்து நமக்கு வசவாக்கி வச்சிருக்கான், பேரனும் அந்த வசவைத் தட்டச்சு பண்ணித்தான் பாட்டனைத் தேட வேண்டியிருக்கு.

உங்க முன்னோர் எந்தத் திசையில போனாங்கங்கறதுதான் பாதி விஷயம். தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்கு 1860ல இருந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாப் போனவங்க 1,52,184 பேர். எண்ணிக்கை இவ்வளவு துல்லியமா இருக்கறதுக்குக் காரணம், ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் போட்டு, பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஊரு, தாலுகா எல்லாம் கப்பல் பட்டியல்ல எழுதினது. அந்தப் பட்டியல்களை டர்பன்ல கணினியில ஏத்தியிருக்காங்க. டர்பன்ல இருக்கற ஒருத்தர் அதைப் பாத்துட்டு வேலூர்ப் பக்கம் தன் கொள்ளுத்தாத்தா ஊர் இதுதான்னு வந்து நிக்க முடியும். மொரீஷியஸ்ல மோக்கா என்ற ஊர்ல இருக்கற மகாத்மா காந்தி நிறுவனத்துல பதிவேடுகளோட பலரோட புகைப்படமே இருக்கு. ஃபிஜிக்கும் ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. மனுஷனை அஞ்சு வருஷத்துக்குக் கட்டிப்போடறதுக்காக எழுதின கணக்குதான். அந்தக் கணக்குத்தான் இன்னைக்குப் பேரப்பிள்ளைங்களுக்கு உதவுது.

மலாயாவுக்குக் கங்காணி மூலமாப் போனவங்களுக்கு அப்படித் தேடி எடுக்கற மாதிரி ஒரே பட்டியல் இணையத்துல இல்ல.

ரஜூலா கப்பல்ல போனார்னு அப்பாயி சொல்வாங்க. ரஜூலான்னு போட்டேன். 1926ல ஸ்காட்லாந்துல கட்டினது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு பல வருஷம் ஓடினது, அழகழகான போட்டோ, எந்தக் கம்பெனி கட்டுச்சு, எஞ்சின் எப்படின்னு எல்லாமே வந்துச்சு. உள்ள உக்காந்து போனவங்க பேரு மட்டும் வரல.

இதுக்கு நடுவுல ஒரு ஏஐ கிட்டயும் கேட்டுப் பாத்தேன். எங்க பூட்டன் பேர்ல ஒரு தொழிற்சங்கத் தலைவரையே உண்டாக்கி, பொறந்த தேதி, போராட்டம், ஜெயில்வாசம் எல்லாம் வச்சுக் குடுத்துருச்சு. படிக்க ரொம்பப் பெருமையா இருந்துச்சு. ஆதாரம் கேட்டதும் மன்னிப்புக் கேட்டுக்கிச்சு.

உருப்படியான துப்பு கிடைச்சது போன்ல இல்ல, அப்பாயியோட தகரப்பெட்டியில. 1941ல வந்த ஒரு மணியார்டர் துண்டுச் சீட்டு. அனுப்புனர் முகவரியில எஸ்டேட் பேரு, கீழ சுங்கை சிப்புட், பேராக். அதுக்கப்புறம் ஆளை விட்டுட்டு இடத்தைத் தேட ஆரம்பிச்சேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை எல்லாம் நியூஸ்பேப்பர் எஸ்ஜிங்கற தளத்துல இலவசமா வச்சிருக்கு. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிப்யூன், தமிழ் முரசுகூட உண்டு. மலாயாவுக்குச் சொந்தக்காரங்க போன வீடுன்னா முதல்ல அங்க போங்க.

எஸ்டேட் பேரைப் போட்டதும் வந்துருச்சு. எங்க பூட்டன் பால் வெட்டின அதே எஸ்டேட். மாசா மாசம் எத்தனை பவுண்டு ரப்பர் எடுத்தாங்கன்னு கணக்கு, லாப நஷ்டம், துரை மாறின செய்தி. 1940ல ஒரு மாசம் எவ்வளவு ரப்பர்னு எனக்கு இப்ப மனப்பாடமாத் தெரியும். அந்தப் பாலை வெட்டினவங்கள்ல ஒருத்தர் பேருகூட எங்கயும் இல்ல.

ஐம்பதுகள்ல பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் மலாயாவுல இருந்து திரும்பி வந்து, "அந்தத் தோட்டத்து ஆம்பளைகளைச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடிச்சுட்டுப் போயிட்டான்"னு சொன்னாராம். சயாம் மரண ரயில் பத்திப் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் அந்தப் பேர்லயே நாவல் எழுதியிருக்கார். தாய்லாந்துல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர், 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சான் ஜப்பான்காரன். போர்க் கைதிகளா வேலை செஞ்ச வெள்ளைக்காரங்க சுமார் 60,000 பேர், அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. அவங்க போக, மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர்னு ஆசியத் தொழிலாளர்கள் ரெண்டு லட்சம் பேர் வரைக்கும் இருக்கலாம்ங்கறாங்க. அதுல செத்தது 90,000 வாக்குல இருக்கும்ங்கறது பரவலாச் சொல்லப்படற மதிப்பீடு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு உலகப் போர்லயும் செத்த 17 லட்சம் பேரோட விவரம் அவங்க தளத்துல இருக்கு. உங்க வீட்டுல யாராவது பட்டாளத்துக்குப் போய்த் திரும்பலைன்னா கட்டாயம் அதுல தேடுங்க, நம்ம சிப்பாய்கள் பேரும் இருக்கு. பர்மா தாவ்க்யான்ல இருக்கற ரங்கூன் நினைவுச் சின்னத்துல மட்டும் கிட்டத்தட்ட 27,000 பேரு செதுக்கியிருக்காங்க. மரண ரயில்ல செத்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயோட பேரைப் போட்டா ரெண்டு செகண்ட்ல பட்டாள எண், ரெஜிமென்ட், செத்த தேதி, காஞ்சனபுரி மயானத்துல எந்தப் பிளாட், எந்த வரிசை வரைக்கும் வருது. சந்தோஷம்தான், அந்தப் பையனுக்கும் ஒரு ஆத்தா இருந்திருப்பா. அதே தண்டவாளத்துல செத்த தோட்டத் தமிழனுக்கு அந்தத் தேடுபொறியில இடமே கிடையாது. அவன் சிப்பாய் இல்லையே.

ஒரு டாக்டரா நான் அங்க வேற ஒண்ணுல மாட்டிக்கிட்டேன். 1943 மே, ஜூன் மழையில அந்த முகாம்கள்ல காலரா பரவுச்சு. கைதிகள் முகாம்ல அவங்க கூடவே ராணுவ டாக்டருங்க இருந்தாங்க. தண்ணியைக் காய்ச்ச வச்சு, நோயாளியைத் தனியாப் பிரிச்சு, உப்பை வடிச்ச தண்ணியில கலந்து, மூங்கிலைச் சீவி ஊசி மாதிரி ஆக்கி டிரிப் ஏத்தியிருக்காங்க. அதைப் படிச்ச அன்னைக்கு வார்டுல ஐவி செட்டைக் கையில எடுத்தப்போ ஒரு மாதிரியா இருந்துச்சு. நம்மாளுங்க முகாம்கள்ல பெரும்பாலும் அப்படி யாருமே இல்ல. நிலைமை கைமீறின பிறகு சாங்கி முகாம்ல இருந்து கே ஃபோர்ஸ், எல் ஃபோர்ஸ்னு கைதி டாக்டர்களையும் உதவியாளர்களையும் ஆசியத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பாக்க அனுப்பினாங்க. கே ஃபோர்ஸ் கிளம்பினது ஜூன் மாசம். காலரா முத்தினா மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும் தண்ணி வெளிய போகும். நேரத்துக்குத் திரவம் குடுத்தா நூத்துக்கு ஒருத்தர்கூடச் சாக மாட்டாங்க. குடுக்கலைன்னா பாதிப் பேர் வரைக்கும் போயிருவாங்க.

இவ்வளவையும் அப்பாயிகிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை சொன்னேன். உங்கப்பா அங்க செத்தார்னு சொல்றதுக்கு என்கிட்ட எந்த ஆதாரமும் இல்ல, அந்தத் தோட்டங்கள்ல இருந்து போனவங்களுக்கு இப்படித்தான் ஆச்சுன்னு மட்டும்தான் சொல்ல முடியும்னேன். எங்கப்பா உடனே, "சரிம்மா, வர்ற ஆடி அமாவாசைக்குப் படையல் போட்டுருவோம்"னார். அப்பாயி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அந்த நோவுல தண்ணி கேப்பாங்களாடா?"ன்னாங்க. கேப்பாங்க அப்பாயி, தாகம்தான் பெருசா இருக்கும்னேன். நோயாளி வீட்டாளுங்ககிட்ட மெழுகிப் பேசலாம், அப்பாயிகிட்ட எனக்கு வராது.

படையலுக்கு அவங்க ஒத்துக்கல. "எங்காத்தா ஒத்துக்காததை நான் எப்புடி ஒத்துக்கறது? திரும்பி வந்தவங்களும் இருந்தாங்கல்ல? அங்கயே வேற குடும்பம் கட்டிட்டு இருந்துட்டாரோ என்னமோ. இருந்தா இருக்கட்டும்டா. அந்தப் பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாரு." எண்பத்தெட்டு வயசுல ஒரு பொம்பளை தன் அப்பா சின்ன வீடு வச்சிருக்கணும்னு ஆசைப்படறதை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

இப்ப என் தேடல் அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. பேரை விட்டுட்டு எஸ்டேட் பேரு, பக்கத்துக் கோயில், தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், மலேசியக் குடும்பங்கள் போடற பழைய போட்டோக்கள்னு போயிட்டிருக்கேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, கூகுளைத் திறக்கறதுக்கு முன்னாடி வீட்டுல மூத்தவங்களை உக்கார வச்சு ஒரு மணி நேரம் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. கப்பல் பேரு, கங்காணி பேரு, கூடப் போனவங்க ஊரு, இதெல்லாம் அவங்க வாயில மட்டும்தான் இருக்கு. பெட்டியில இருக்கற மணியார்டர் சீட்டு, பாஸ்போர்ட், பழைய பத்திரம் எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. அப்படியே யார் யாரு எந்த வயசுல, எப்படி இறந்தாங்கன்னும் கேட்டு வச்சுக்கங்க. அது எங்களுக்கு வேணும்.

மலேசியாவுல இருந்து இதைப் படிக்கறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருந்த குடும்பமா நீங்க? தாத்தாவோ பூட்டனோ துறையூர்ப் பக்கத்து ஆளா? சான்றிதழ்ல அங்க அடையாளம்னு நாங்க எழுதுவோமே, அது எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். வலது முன்கையில தேள் உருவம் பச்சை குத்தியிருந்துச்சாம், வாலு முழங்கைப் பக்கம் பாத்த மாதிரி. அப்படி ஒரு கையோட பழைய போட்டோ வீட்டுல இருந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. அப்பாயிக்குக் காது நல்லாவே கேக்கும், வீடியோ காலும் பேசுவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலன்னா நானும் பக்கத்துல இருப்பேன்.