தெரியாது என்று சொல்லியிருக்கலாம்

பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு உடனே விடை சொல்லாவிட்டால் தந்தையின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவள் ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகள்.

பழங்காலக் கடலில் வாழ்ந்த இக்தியோசார் என்னும் விலங்கைப் பற்றித் தொலைக்காட்சியில் கண்டவள், சுருளியாற்றங்கரையில் பொறுக்கிய வரியோடிய கல் ஒன்றைக் கொண்டுவந்து, "அத்தா, நம் கம்பம் பள்ளத்தாக்கும் கடலாக இருந்ததா? இது அதன் எலும்பா?" என்று கேட்டாள். ஏலக்காய்க் கணக்கில் மூழ்கியிருந்த நான் தலை நிமிராமலே, "ஆமாம், எல்லாம் கடல்தான். எலும்பாகத்தான் இருக்கும்" என்றேன். அவள் அதை வகுப்பில் காட்டினாள். அது வெறும் பாறைத்துண்டு என்று ஆசிரியை விளக்க, தோழியர் சிரித்துவிட்டனர். அன்று மாலை அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம் என்னைச் சுட்டது.

அதன் பிறகே நூல்களைப் புரட்டினேன். நம் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகள் சார்னோக்கைட்டு, நைஸ் போன்ற பாறைகளால் ஆனவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அவற்றில் எலும்பைத் தேடுவது, எரியும் சூளைக்குள் வைக்கோலைத் தேடுவதற்கு ஒப்பாகும். கடலடியில் சேறு படிந்து இறுகிய பாறையில்தான் அத்தகைய உயிர்ச்சின்னங்கள் தங்கும். அப்படிப்பட்ட பாறைகள் நம் மாநிலத்திலேயே அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் உள்ளன.

பெருநாள் விடுமுறையில் திருச்சி உறவினர் இல்லம் சென்றபோது, அவளைப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்திற்கு அழைத்துச் சென்றேன். மழைநீர் அரித்த வறண்ட மேடுகளும் ஓடைகளுமாகக் கிடந்தது நிலம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே கடல் பரவியிருந்தது. துப்பாக்கித் தோட்டா வடிவக் கற்கள் காலடியில் கிடந்தன. அவை கணவாய்க்கு உறவான பெலம்னைட்டு என்னும் உயிரினத்தின் உட்கூடுகள். அன்றைய திருச்சி மாவட்டத்தில் கிடைத்த முதுகெலும்புகளைக் கொண்டே, 1879இல் ரிச்சர்டு லிடெக்கர் என்னும் அறிஞர் இந்திய இக்தியோசாருக்குப் பெயரிட்டார். உருவில் டால்பினை ஒத்திருந்தாலும் அது ஊர்வன இனம். நீர்மட்டத்திற்கு வந்து காற்றைச் சுவாசித்தது. முட்டையிடாமல் கடலிலேயே குட்டி ஈன்றது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வினம் அழிந்துபோயிற்று.

அங்கேதான் அவளிடம், "அன்று நான் தெரியாமலே சொல்லிவிட்டேன் அம்மா. தவறு என்னுடையது" என்றேன். சிறிது நேரம் சிந்தித்தவள், "அப்படியானால் என் கல் இந்தக் கடலைவிட மூத்ததா, அத்தா?" என்றாள். "ஐந்து மடங்குக்கு மேல் மூத்தது" என்றதும் அவள் முகம் மலர்ந்தது. எடுக்க நீட்டிய தோட்டாக் கல்லைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

சுருளிக் கல் இப்போது அவள் மேசைமேல் இருக்கிறது. அவள் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "தெரியாது அம்மா, இருவரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்ல நானும் கற்றுக்கொண்டேன்.