சுவருக்கும் நாடி பார்க்க வேண்டும்!

நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வெகு சுலபம். பொங்கல் வருகிறதென்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைப்பார்கள். கொஞ்சம் வஜ்ஜிரம், கொஞ்சம் நீலம், கையிலே ஒரு மட்டை, தீர்ந்தது காரியம்! அடுத்த மழையில் பாதி கரைந்து போகும். போனால் என்ன? அடுத்த பொங்கல்தான் வருகிறதே!

இன்று அப்படி முடிகிறதா, சகோதரிகளே? மாடி வீட்டின் வெளிப்புறத்துக்கு எமல்ஷன் அடிப்பதென்றால், சிறுகச் சிறுகச் சேர்த்த பணமெல்லாம் கரைந்து விடுகிறது. அவ்வளவும் செலவழித்த பிறகு, இரண்டே மழையில் அப்பளம் மாதிரிப் பொரிந்து நிற்கும் சுவர்களைச் சென்னைத் தெருக்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். குற்றம் பெரும்பாலும் பெயிண்டில் இல்லை. அதற்கு அடியில் இருக்கிறது.

எங்கள் வீட்டு வேலைக்கு மூன்று பேரை வரவழைத்தோம். முதலாமவர் வாசலிலேயே கலர் அட்டையை விரித்துவிட்டார். இரண்டாமவர் வீட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். உடனே தொகையைச் சொன்னார். மூன்றாமவர் வயதான மேஸ்திரி. அவர் கலரும் பேசவில்லை, காசும் பேசவில்லை. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்தார், கை வெளுத்தது. விரலால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மொட்டை மாடிக்குப் போய் வந்தார்.

"சன்ஷேடு மேலே அரசங்கன்று முளைச்சிருக்கு, பார்த்தீங்களாம்மா? மாடியிலே மழைத் தண்ணிக் குழாய் அடைச்சுக்கிட்டிருக்கு. அதையெல்லாம் சரி பண்ணாம நான் அடிச்சா, உங்க காசும் போயிடும், என் பேரும் போயிடும்" என்றார்.

நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கிறவரிடம் நாம் போவோமா? வேலை மேஸ்திரிக்கே கிடைத்தது.

வேலை நடந்த நாட்களில் பாதிக்கு மேல் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. சுரண்டினார்கள், பாசியைத் தேய்த்துக் கழுவினார்கள், கன்றை வேரோடு எடுத்தார்கள், பொள்ளலான பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசினார்கள். பழைய சுண்ணாம்புத் தூளின் மேல் அடிக்கும் எமல்ஷன் சுவரைப் பிடிப்பதில்லை, தூளைத்தான் பிடிக்கிறது. தூள் உதிரும்போது அதுவும் உதிர்கிறது. சுவருக்குள் ஈரம் இருந்தால் அது உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே புதுப் பூச்சு நான்கு வாரமாவது இறுகி, நன்றாக உலர்ந்தாக வேண்டும். அதன் பின்தான் ஒரு கை பிரைமர், இரண்டு கை எமல்ஷன்.

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக் காலம். தை பிறந்து சுவர் உலர்ந்த பிறகு தொடங்கி, கத்திரி வெயிலுக்கு முன்னால் முடித்து விடுவது உத்தமம்.

சுரண்டல், விரிசல் அடைப்பு, பிரைமர், எத்தனை கை, எந்தப் பெயிண்ட் என்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டப்பாவை உங்கள் எதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்க விடாதீர்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை, வேலை முடிந்ததைப் பார்த்த பிறகு.

குழந்தைகள் உள்ள வீட்டார் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாதென்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் ஜன்னலுக்கும் கிராதிக்கும் அடித்த பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். அதை உலர்ந்தபடி சுரண்டினால் தூசி பறக்கும். ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். மாடியில் காயும் வடாமையும் துணியையும் உள்ளே எடுத்து விடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. கூலி பேசும்போது சாரத்தையும் இடுப்பு பெல்ட்டையும் சேர்த்தே பேசுங்கள். அதற்காகச் சில ஆயிரம் கூடினால் கூடட்டும். நம் வீட்டுச் சுவர் பளபளக்க வேண்டுமென்று கயிற்றில் தொங்குகிறவரும் சாயங்காலம் தம் வீட்டுக்கு நடந்து போக வேண்டும் அல்லவா?