தேர்ச்சில்லும் ஃபீல்ட் வரிசையும்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத் தேர் பதிவான பழைய வீடியோ கெசட்டுகள் எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றிப் பார்த்தால் கோபுரம் தெளிவாக நிற்கும். நகரும் தேரின் விளிம்பில் மட்டும் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரியும். கெசட் கெட்டுப்போச்சு என்று சனம் நினைக்கிறது. கெசட்டில் ஒரு குறையும் இல்லை.

நமது 'பால்' (PAL) தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்ட், இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர்: ஒன்றுவிட்டு ஒன்றாக 288 கோடுகள் முதலில், விநாடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மிச்சம் 288. பழைய பெட்டித் தொலைக்காட்சி அவற்றை அடுத்தடுத்துக் காட்டியது. இன்றைய திரை சேர்த்துக் காட்டுகிறது, தேரோ அதற்குள் நகர்ந்துவிடுகிறது.

கோடுகளை நீக்க, எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளில் 'யாடிஃப்' ஃபில்டரைக் கொடுத்தால் போதும் என்பார்கள். பெரும்பாலும் போதும். போதாதபோது ஃபில்டரை மாற்றி மாற்றிப் போடுவது வீண்வேலை. கோளாறு அநேகமாக ஃபீல்ட் வரிசையில்தான். மினி டிவி (MiniDV) கெசட் பதிவில் கீழ் ஃபீல்ட் முதலில் வரும். கோப்பு வேறொரு மென்பொருள் வழியாகப் போய் எந்த ஃபீல்ட் முதல் என்ற குறிப்பைத் தொலைத்துவிட்டால், யாடிஃப் மேல் ஃபீல்டே முதல் என்று எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 50 ஃபிரேமாகப் பிரித்தீர்களானால் தேர் முன்னே போய்ப் பின்னே வந்து நடுங்கும்.

வரிசையைக் கண்டுபிடிக்க 'ஐடெட்' என்ற ஃபில்டர் உண்டு. ஆனால் கலியாண வீடியோவில், மணமேடையில் எல்லாரும் போட்டோவுக்கு விறைத்து நிற்கும் இடத்தில் அதை ஓட்டிப் பயனில்லை, அசைவு வேண்டும். எனக்குக் கண்தான் நம்பிக்கை. 'செட்ஃபீல்ட்' கொண்டு மேல் ஃபீல்ட் முதல் என்று வைத்து, 'செப்பரேட்ஃபீல்ட்ஸ்' கொண்டு பிரித்து, ஒவ்வொன்றாகத் தட்டித் தேர்ச்சில்லில் ஒரு புள்ளியைப் பார்ப்பேன். புள்ளி ஒரே பக்கம் போனால் வரிசை சரி. போய்ப் போய்த் திரும்பினால் கீழ் ஃபீல்ட் முதல். அதையே யாடிஃபுக்கும் சொல்லிவிடுவேன்.

ஃபில்டர் ஓடியும் எதுவும் மாறவில்லையா? யாடிஃபின் 'டிஇன்ட்' தெரிவைப் பாருங்கள். இன்டர்லேஸ் என்று குறியிட்ட ஃபிரேமை மட்டும் தொடச் சொல்லியிருந்தால், குறியில்லாத கோப்பை அது அப்படியே விட்டுவிடும்.

திருத்தவே முடியாதது ஒன்று உண்டு. கணினியில் பதிவு செய்யும்போதே 576 கோட்டை 480 ஆகச் சுருக்கினால் இரண்டு ஃபீல்டும் குழைந்துவிடும், எந்த ஃபில்டராலும் பிரிக்க இயலாது. கட்டளையில் 'ஸ்கேல்' யாடிஃபுக்கு முன்னால் வந்தாலும் இதே கதிதான். யாடிஃபில் 50க்குப் பதிலாக 25 ஃபிரேமாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை, பாதி அசைவு வீணாகிறது.

இந்த வேலையைக் கடையில் கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திருத்திய கொப்பியோடு, கைவைக்காத மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். மினி டிவி என்றால் மணிக்குச் சுமார் 13 ஜிபி. ஒரு சாதாரண பென்டிரைவில் அடங்கும்.